முதியோர் பதிவேட்டில் ஆறு கேள்விகளைச் சேர்க்கக் கோரி மனு

அனுப்புநர்
முதியோர் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்
மண்டல நல அலுவலர்,
மண்டலம் 4, பெருநகர சென்னை மாநகராட்சி.

பொருள்: 60 வயது கடந்தவர்களின் இயலாமையைக் கேட்டுப் பதியும் முறையை மாற்றுதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. அதில் குறையில்லை. ஆனால் முதியோர் பதிவேட்டுக்காக "ஊனம் ஏதாவது உண்டா?" என்று கேட்டால் பெரியவர்கள் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். அது பொய்யும் இல்லை. பிறவியில் வந்ததும் விபத்தில் போனதும்தான் அவர்கள் கணக்கில் ஊனம்; முட்டி மடங்காததும் காது மந்தமானதும் வயசுக் கோளாறு. ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில் இருப்பவர் கீழே இறங்குவதையே விட்டிருப்பார். ரேஷனுக்குப் பேரன், அடிபம்புக்கு மருமகள். படி ஏற முடிகிறதா என்று கேட்காதவரை அவர் நல்லாத்தான் இருப்பார்.

ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழுவின் குறுவினாத் தொகுப்பில் ஊனம் என்ற பேச்சே இல்லை. கண்ணாடி போட்டும் பார்ப்பது, காதுக் கருவி வைத்தும் கேட்பது, நடப்பது அல்லது படி ஏறுவது, நினைவு அல்லது கவனம், குளிப்பது, உடுத்துவது போன்ற சொந்த வேலை, பிறர் பேச்சைப் புரிந்து தன் பேச்சைப் புரியவைப்பது ஆகிய ஆறில் சிரமம் எவ்வளவு என்பதே கேள்வி. பதில் நான்கு: சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. இவற்றைப் பதிவேட்டில் சேர்த்து, முதலில் ஒரு வார்டில் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

கேட்கும் விதத்தில்தான் கெடும். நான்கு பதிலையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். "உண்டா, இல்லையா" என்று சுருக்கினால் "இல்லை"தான் வரும். "உங்க வயசுக்கு" என்று ஆரம்பிக்கவே கூடாது; எதிர்வீட்டு ஆயாவோடு ஒப்பிட்டு, தான் தேவலை என்பார்கள். மகன் முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. டிவியை அணைத்து, முகத்துக்கு நேரே உட்கார வேண்டும். காது மந்தமானவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அது "சிரமமில்லை" என்றே டிக் ஆகும்.

ஏதேனும் ஒன்றில் கடைசி இரண்டு பதில்களில் ஒன்று வந்தால் மேல்பரிசோதனை தேவை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி சலுகைகளுக்கு வேண்டிய 40 விழுக்காடு ஊனத்தை மருத்துவர்தான் மதிப்பிடுவார். இந்த ஆறு கேள்விகள் அதற்கு மாற்றல்ல, யாரை அனுப்புவது என்று காட்டும், அவ்வளவே. மாடி இறங்க முடியாதவருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினால் அது பீரோவில்தான் கிடக்கும். அவர்கள் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட்டை அனுப்பவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதியோர் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள்