தந்தியில் விட்டுப்போன 5

அன்புள்ள நண்பா,

கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் படிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதான் பதில் தாமதம். பேத்தி பிறந்ததில் ரொம்ப சந்தோஷம்.

"யூதர்களைக் கொல்லச் சொல்லி ஹிட்லர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லையே, அப்புறம் எதை நம்புவது?" என்று உன் மருமகன் கேட்டதாக எழுதியிருந்தாய். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் முப்பது வருஷம் தணிக்கை பார்த்தவன் நான். மோசடி பண்ணுகிறவன் அதைப் பேரேட்டில் அந்தப் பெயரிலேயே எழுதி வைத்து நான் பார்த்ததில்லை.

1943 ஜனவரி 11ஆம் தேதி, நாஜிகள் பிடித்து வைத்திருந்த போலந்தின் லுப்ளின் நகரிலிருந்து ஹெர்மன் ஹோஃப்லே என்ற எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) அதிகாரி ஒரு ரகசியத் தந்தி அனுப்பினார். பிரிட்டிஷ்காரர்கள் அதை வழியிலேயே பிடித்து, சங்கேதத்தை உடைத்துப் படித்தும் விட்டார்கள். ஆனால் அதன் பொருள் அவர்களுக்குப் பிடிபடவில்லை. 2000இல்தான் லண்டன் ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. 1942 முடியும்வரை வந்த 'வரவு' என்று நான்கு எழுத்துகள், நான்கு எண்கள்: எல் 24733, பி 434508, எஸ் 101370, டி 71355. மொத்தம் 1274166.

கூட்டிப் பார்த்தேன், இடித்தது. டி-க்கு நேரே ஒரு 5 விட்டுப்போயிருக்கிறது. 713555 என்று போட்டால் கணக்கு அப்படியே நேராகிறது. எல் லுப்ளின், பி பெல்செக், எஸ் சோபிபோர், டி ட்ரெப்ளிங்கா; நான்கும் போலந்தில் நாஜிகள் நடத்திய முகாம்கள்.

இனிதான் விஷயம். எஸ்.எஸ். தலைவர் ஹிம்லருக்காகப் புள்ளிவிவர அதிகாரி கோர்ஹெர் 1943இல் தயாரித்த அறிக்கையிலும் அதே 1274166 இருக்கிறது, ஒன்றுகூடக் குறையாமல். 'தனிக் கவனிப்பு' (கொலைக்கு அவர்கள் வைத்திருந்த மறைபெயர்) என்ற சொல் எங்கும் வரக்கூடாது, 'முகாம்கள் வழியாக அனுப்பப்பட்டவர்கள்' என்று மாற்று என்று அவருக்கு உத்தரவு போயிருக்கிறது. சொல்லை மாற்றினார்கள், எண்ணை விட்டுவிட்டார்கள்.

தந்தியில் 'கொன்றோம்' என்று இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ட்ரெப்ளிங்கா சுமார் 400 மீட்டருக்கு 600 மீட்டர் இடம். 1942 ஜூலையில்தான் திறந்தார்கள். அரை வருஷத்துக்குள் ஏழு லட்சம் பேர் வரவு. செலவுப் பக்கம் எங்கே? அவ்வளவு பேரைத் தங்கவைக்கக் கொட்டகை இல்லை, வேறெங்கோ கொண்டுபோய்க் குடியேற்றியதற்கும் தடயம் இல்லை. ரயில்கள் காலியாகத் திரும்பியதற்கு மட்டும் கால அட்டவணை இருக்கிறது. தப்பி வந்தவர்கள் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும். (மனிதர்களை வரவு, செலவு என்று எழுதக் கை கூசத்தான் செய்கிறது. அந்தச் சொல் அவர்கள் போட்டது.)

மருமகனிடம் அந்த நான்கு எண்களை மட்டும் கொடு, அவரே கூட்டிப் பார்க்கட்டும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்