பச்சிளங்குழந்தைக்குப் போடும் ஊசி எதற்கென்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்ததும் அழாமல், மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோன குழந்தைகளுக்கு 'மூளையைக் காக்கும் மருந்து' என்று தனியார் மருத்துவமனைகளில் என்னென்ன போடுகிறார்கள் என்பது உங்கள் துறைக்குத் தெரியாததல்ல.

என் தங்கை குழந்தைக்கு எரித்ரோபொய்ட்டின் எழுதினார்கள். சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்குப் போடும் ஊசி அது. தங்கை வேறொரு ஆஸ்பத்திரியில் சிசேரியன் தையலோடு கிடந்தாள். மாப்பிள்ளை ஐசியு வாசலை விட்டு நகரவில்லை. சீட்டோடு ஓடியது தாய்மாமன் நான். "ஐஸ் கரையறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துருங்க" என்றார் மருந்துக் கடைக்காரர். பையை வெயில் படாமல் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். நாங்கள் கையெழுத்துப் போட்ட தாள் முழுக்க ஆங்கிலம். "மூளைக்கு நல்லதுங்க." கிடைத்த விளக்கம் அவ்வளவுதான்.

பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 500 குழந்தைகளிடம் நடந்த 'ஹீல்' ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. மூளைப் பாதிப்பைக் குறைக்க உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையோடு இந்த மருந்தையும் சேர்த்துக் கொடுத்ததில் இறப்போ வளர்ச்சிக் குறைபாடோ குறையவில்லை. அந்தக் குளிர்விப்பும் பணக்கார நாடுகளில் உயிர் காத்ததுதான். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடந்த 'ஹீலிக்ஸ்' ஆய்விலோ, குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன. குளிர்விக்காதவற்றில் 31 சதவீதம். அங்கே பலித்ததே இங்கே பலிக்காதபோது, எங்குமே நிரூபணமாகாததை எந்தத் தைரியத்தில் போடுகிறார்கள்?

வலிப்பை நிறுத்த பீனோபார்பிட்டோன் போடுவதை நான் குறை சொல்லவில்லை. அது அவசியம். ஆய்வு நடத்துவதையும் எதிர்க்கவில்லை. ஆய்வென்றால் நெறிமுறைக் குழு கேள்வி கேட்கும், ஒப்புதல் படிவம் நம் மொழியில் இருக்கும், மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆய்வும் இல்லாமல் ஆதாரமும் இல்லாமல் போடும்போது மட்டும் பில் உண்டு, விளக்கம் கிடையாது. வீட்டுக்கு அனுப்பும்போதும் மூளைக்கென்று சிட்டிகோலின், பைரசெட்டம் சிரப்புகள். வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளுக்கான அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பிசியோதெரபி இலவசம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பிரசவ அறையில் சிசுவின் இதயத் துடிப்பை ஒழுங்காகப் பார்த்திருந்தால் இவற்றில் எத்தனை குழந்தைகளுக்கு ஊசியே தேவைப்பட்டிருக்காது!

பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்க வந்தது ஒன்றுதான். நிரூபணமாகாத மருந்தைப் பச்சிளங்குழந்தைக்குப் போடுமுன், 'இதற்குப் பலன் உறுதியில்லை, ஆபத்து இன்னது, விலை இவ்வளவு, வேண்டாம் எனலாம்' என்று தமிழில் எழுதிப் பெற்றோர் கையில் தர வேண்டும். அரசு, தனியார் எல்லா மருத்துவமனைகளுக்கும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பிவைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்