கைவிலங்கோடு வரட்டும், ஆனால் வரட்டும்: நம் கரையோர ஜமாஅத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கரை நெடுக உள்ள ஜமாஅத் நிர்வாகிகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பயங்கரவாதக் கூட்டம்) போன்ற அமைப்புகளில் சேர வெளிநாடு போனவர்களைத் திரும்ப வர விடலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. "அவனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், அங்கேயே கிடக்கட்டும்." அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. 2008-ல் மும்பையைத் தாக்கியவர்களின் உடல்களைத் தங்கள் மையவாடியில் அடக்க முடியாது என்று அந்த ஊர் முஸ்லிம் அறக்கட்டளை மறுத்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆனால் செத்தவனுக்கு இடம் மறுப்பது வேறு. உயிரோடு இருப்பவனை விசாரணைக்கு எட்டாத இடத்தில் விட்டுவைப்பது வேறு. இரண்டாவதை நாம் ஆதரிக்கக் கூடாது என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஈராக்கின் மோசூலில் 2014-ல் ஐ.எஸ். கடத்திக் கொன்ற 39 இந்தியத் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பஞ்சாப்காரர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள். நம் வீட்டுச் சபராளிகளைப் போலக் குடும்பத்துக்காகக் கடல் கடந்தவர்கள். அவர்கள் உயிரோடு இல்லை என்பதே 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் உறுதியாகச் சொல்லப்பட்டது. அதுவரை நாலு வருடம் அந்தத் தாய்மார்கள் காத்துக் கிடந்தார்கள். அதே 2014-ல்தான் அதே ஈராக்கின் சிஞ்சாரில் யஸீதி என்ற சிறுபான்மை மதத்துப் பெண்களைப் பிடித்து அடிமைகளாக விற்றார்கள். இதைச் செய்த கூட்டத்தோடு ஓர் இந்தியன் நின்றிருந்தால், அவனிடம் கேள்வி கேட்க வேண்டியது நம் நீதிமன்றம். எங்கோ ஒரு பாலைவனச் சிறையில் குற்றப்பத்திரிகையே இல்லாமல் அவன் வருடக்கணக்கில் கிடப்பதால் அந்தப் பஞ்சாப் குடும்பங்களுக்கு ஒரு உண்மையும் தெரியப்போவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2015 பிப்ரவரியிலேயே ஐ.எஸ். இங்கே தடை செய்யப்பட்டுவிட்டது. உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டம் இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கும் பொருந்தும்.

"வந்து இங்கே குண்டு வைத்தால்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று நம் எதிர்க்கரையான இலங்கையில் குண்டுவெடிப்புகளில் 260-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தப் பயத்தை நான் லேசாகப் பேசமாட்டேன். ஆனால் நம் பக்கத்திலேயே நடந்த ஒன்றைப் பாருங்கள். ஈராக் போய் ஐ.எஸ்.ஸில் பயிற்சி எடுத்த ஒருவர் 2015-ல் சத்தமில்லாமல் திரும்பி வந்து கடையநல்லூரில் குடியிருந்தார். 2016 அக்டோபரில்தான் என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) பிடித்தது. 2020-ல் கொச்சி சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. யாருக்கும் தெரியாமல் வருகிறவர்தான் ஆபத்து. அதே சமயம், மும்பைக்குப் பக்கத்தில் கல்யாணிலிருந்து 2014-ல் ஐ.எஸ்.ஸில் சேரப் போன இளைஞர் அந்த வருடக் கடைசியிலேயே திரும்பினார். வந்தவுடனே கைது. ஆறு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 2021-ல் மும்பை உயர் நீதிமன்றம் பிணையை உறுதி செய்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அவர் எங்கே இருக்கிறார் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது.

கேரளத்திலிருந்து 2016-ல் ஆப்கானிஸ்தான் போனவர்களின் கதை இதற்கு நேர் எதிர். கணவர்கள் செத்த பிறகு நான்கு பெண்கள் சரணடைந்து, குழந்தைகளோடு காபூல் சிறையில் இருந்தார்கள். எந்த நாடு, எந்தச் சிறை என்று எல்லாம் தெரியும். அப்போதே கூட்டி வந்து வழக்கு நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. 2021 ஆகஸ்டில் தாலிபான் வந்தது, சிறைக் கதவுகள் திறந்துவிட்டன. ஒரு பெண்ணின் தந்தை கொடுத்த மனுவில் எட்டு வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது 2022 ஜனவரியில்.

பிரிட்டன், பதினைந்து வயதில் சிரியா போன பெண்ணின் குடியுரிமையை 2019-ல் பறித்தது. நம் நாட்டில் அப்படிச் செய்ய வழியில்லை. 1955 குடியுரிமைச் சட்டப்படி, பதிவு செய்தோ விண்ணப்பித்தோ குடியுரிமை பெற்றவரிடமிருந்துதான் அரசு அதைப் பறிக்க முடியும். பிறப்பால் இந்தியக் குடிமகனாக இருப்பவன் என்ன குற்றம் செய்தாலும் இந்தியன்தான். ஆகவே முடிவெடுக்காமல் கோப்புகளைத் தூங்க வைப்பது ஒன்றுதான் அரசுக்கு மிச்சம்.

அந்தத் தூக்கத்தில் நசுங்குவது குழந்தைகள். அதே சட்டத்தில், வெளிநாட்டில் பிறந்த இந்தியரின் குழந்தையை ஒரு வருடத்துக்குள் நம் தூதரகத்தில் பதிய வேண்டும். தாமதமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். கூடார முகாமில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் தருவார்? தூதரகத்துக்கு யார் தூக்கிப் போவார்? தாய் கைதியாக இருக்க, தகப்பன் செத்திருக்க, அந்தப் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் வளர்கிறது. கஜகஸ்தான் 2019-ல் சிரியாவிலிருந்து சுமார் 600 பேரைத் திரும்பக் கூட்டி வந்தது. பெரும்பாலோர் குழந்தைகள். ஆண்களை வழக்குக்கு அனுப்பினார்கள், பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கும் பள்ளிக்கும் அனுப்பினார்கள். வாப்பா செய்த பாவத்தைப் பிள்ளை தலையில் ஏற்றாத மார்க்கம் நம்முடையது. பிள்ளைகள் விஷயத்தில் எந்த நிபந்தனையும் வேண்டாம் என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இன்னொன்று, நம் ஊருக்குள் பேச வேண்டியது. 2014-ல் தொண்டியில் சில இளைஞர்கள் அந்த அமைப்பின் சின்னம் போட்ட டி-ஷர்ட்டோடு எடுத்த படம் வெளியாகிக் கைது வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை வழி மாறுவது முதலில் தெரிவது உம்மாவுக்குத்தான். போன பிறகு வரும் முதல் போனும் அவளுக்குத்தான் வரும். ஊரில் சொன்னால் ஒதுக்கி வைப்பார்கள், மற்ற பிள்ளைகளுக்கு நிக்காஹ் நடக்காது, போலீஸில் சொன்னால் அவன் என்றைக்கும் வர முடியாது என்று நினைத்தால் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். அவன் திரும்பி வந்து நீதிபதி முன் நிற்க வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் நேரத்தோடு சொல்வாள்.

அதனால், அப்படி ஒரு குடும்பம் உங்களிடம் வந்தால் அன்றே அவர்களோடு எஸ்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். அந்தக் குடும்பத்தை ஜமாஅத்திலிருந்து ஒதுக்க மாட்டோம் என்று இப்போதே பொதுக்குழுவில் முடிவெடுங்கள். குற்றவாளிக்காக வக்கீல் நிதி திரட்டச் சொல்லவில்லை, தண்டனையைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. வெளியே சிக்கியிருக்கும் இந்தியர்களைக் காவலில் அழைத்து வந்து இங்கே விசாரியுங்கள், பிள்ளைகளை உடனே தாத்தா பாட்டியிடம் சேருங்கள் என்று கரையோர ஜமாஅத்துகள் எல்லாம் சேர்ந்து உள்துறை அமைச்சகத்துக்கு ஒரு தீர்மானம் அனுப்புங்கள். வரைவை நான் எழுதித் தருகிறேன். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குங்கள்.

வஸ்ஸலாம்,
கீழக்கரையிலிருந்து உங்களில் ஒருவன்