‘செயலிக்கு எதுக்கம்மிணி வருசாவருசம் பணம்?’ – எல்லையோரப் பால் சொசைட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையோரத்தில் இருக்கும் பால் சொசைட்டிகளின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், இயக்குநர் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஒழலப்பதிக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். அப்பா முப்பது வருடமாகச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். நான் கோயம்புத்தூரில் ஆறு வருடம் செயலி எழுதும் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு ஊருக்கே வந்து, மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தகர அறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். தொழில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மடிக்கணினி, மூன்று பழைய ஆண்ட்ராய்டு போன், நான்.

போன மாதம் உங்களில் ஒரு சொசைட்டியின் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். ஊற்றிய பாலின் அளவையும் தரத்தையும் விலையையும் உறுப்பினர்கள் தங்கள் போனிலேயே பார்க்க நான் எழுதிய பால் கணக்குச் செயலிக்கு ஆண்டுக் கட்டணம் கேட்டிருந்தேன். பெரியவர் ஒருவர் எழுந்து, “போன்ல இருக்கற ஒண்ணுக்கு எதுக்கம்மிணி வருசாவருசம் பணம்? ஒருக்காப் பண்ணிட்டா அது பாட்டுக்கு ஓடாதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பேச்சு தீவன மானியத்துக்குப் போய்விட்டது. கேள்வி நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செயலியை எழுதுவது ஒரு வேலை, அதைக் கடையில் வைப்பது இன்னொரு வேலை. கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க 25 டாலர், அது ஒரே ஒரு முறை. முதல் நாள் என் கார்டு போகவில்லை. வெளிநாட்டுப் பணம் செலுத்தும் வசதியை நாமே கேட்டுத் திறந்தால்தான் கார்டில் அது வேலை செய்யும் என்று 2020-இலிருந்தே விதி இருக்கிறது. எனக்கு அது மறந்துபோயிருந்தது. ஆப்பிள் கடையில் இது ஒரு முறையோடு முடியாது, வருடம் 99 டாலர். உங்கள் சொசைட்டியில் ஐபோன் வைத்திருப்பவர்கள் மூன்று பேர், அதில் இருவர் பால் ஊற்றுவதில்லை. அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

காசு சின்ன விஷயம். ஆள் சேர்ப்பதுதான் பாடு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் தொடங்கியவர்கள், செயலியைப் பொதுவில் வெளியிடுவதற்கு முன் நாம் சேர்த்தவர்கள் மட்டும் போனில் போட்டுப் பார்க்கும் ஒரு மூடிய சோதனை நடத்த வேண்டும். முதலில் 20 பேர் வேண்டும் என்றிருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் 14 நாள் இடைவிடாமல் சோதனையில் இருக்க வேண்டும். நிறுவனமாகப் பதிவு செய்தால் இந்த விதி கிடையாது, ஆனால் அதற்கு டன்ஸ் எண் (நிறுவனங்களுக்குக் கொடுக்கும் ஓர் அடையாள எண்) முதற்கொண்டு வேறு காகிதங்கள் கேட்பார்கள். நான் தனிநபர். ஆகவே காலை ஐந்தரைக்குப் பால் கேனோடு வரிசையில் நிற்பவர்களைத்தான் கேட்டேன்.

யாரும் மறுக்கவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சோதனையில் சேர்க்க ஜிமெயில் முகவரி வேண்டும், ஒருவருக்கும் தன் முகவரி தெரியாது. போன் வாங்கிய அன்றைக்குக் கடைப் பையன் ஏதோ ஒரு பெயரில் திறந்து கொடுத்தது, கடவுச்சொல் அவனுக்கும் மறந்திருக்கும். ஒவ்வொரு போனாக வாங்கி, அமைப்புக்குள் போய், முகவரியைத் தேடி எழுதினேன். ஒரு பாட்டியின் போன் அவருடைய பேரன் விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயரில் இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுத முடியாது. எப்படியோ சரியாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒன்பதாம் நாள் ஒருவர் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அவர் புதுப் போன் வாங்கினார், புது முகவரியும் திறந்துகொண்டார். எனக்குப் பன்னிரண்டு பதினொன்றாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து 14 நாள். இரண்டாவது தடவை பதினெட்டுப் பேரைச் சேர்த்தேன். செயலி எழுதிப் போடப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், பன்னிரண்டோடு நிறுத்திவிடாதீர்கள்.

அதற்கப்புறமும் முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையது. உறுப்பினர் எண்ணும் போனுக்கு வரும் ஓடிபியும் இருந்தால்தான் உள்ளே போக முடியும் என்று கட்டியிருந்தேன். எங்கோ உட்கார்ந்து சோதிப்பவருக்கு நம் சொசைட்டியின் உறுப்பினர் எண் எங்கிருந்து கிடைக்கும்? ஒரு மாதிரிக் கணக்கை உருவாக்கி, நுழையும் வழியையும் எழுதிக் கொடுத்த பிறகு அனுமதி வந்தது.

பெயர் வைப்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடையில் செயலியின் பெயருக்கு 30 எழுத்துதான் இடம். ‘பால் கணக்கு’ என்றால் நமக்கு ஆறு எழுத்து. கணினி புள்ளியையும் துணைக்காலையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணும், நடுவில் விடும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பதினொன்று. ஊர்ப் பெயரையும் சேர்க்கலாம் என்று ஆசைப்பட்டேன், இடம் போதவில்லை.

இனி நமக்குள் நடந்த பெரிய சண்டைக்கு வருகிறேன். செயலி வெளிவந்த முதல் வாரம், “எங்க பாலைக் கொறைச்சு எழுதறாங்க, செயலியில ஒரு கணக்கு, சீட்டுல ஒரு கணக்கு” என்று உறுப்பினர்கள் உங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டினீர்கள். என்ன நடந்தது என்று இதுவரை முழுதாக நான் விளக்கவில்லை.

பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் அளவு 28, கொழுப்பு 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பால்வளப் பாடநூலைப் பார்த்து எழுதிய சூத்திரம் இது: 28-ஐ நாலால் வகுத்து, கொழுப்பில் கால் பங்கைச் சேர்த்து, 0.44 கூட்ட வேண்டும். எஸ்.என்.எஃப், அதாவது கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கும் திடப்பொருள், 8.44 சதவீதம் வரும். உங்கள் இயந்திரத்தில் இருந்ததோ வேறு: 28-ஐ நாலால் வகுத்து, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து, 0.36 கூட்ட வேண்டும். அதில் 8.16 வரும். இரண்டுமே புழக்கத்தில் உள்ள சூத்திரங்கள்தான், இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஆனால் பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் குறைந்த அளவு கொழுப்பு 3.2, எஸ்.என்.எஃப் 8.3. ஒரே மாடு, ஒரே பால், என் செயலியில் பாஸ், உங்கள் இயந்திரத்தில் ஃபெயில். வாசலில் வந்து நின்றவர்களைக் குறை சொல்ல முடியாது.

எந்தச் சூத்திரம் என்று உங்களிடம் கேட்காமல் எழுதியது என் பிழை. திருத்த எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திருத்தியதை மறுபடி கடைக்கு அனுப்பி, அனுமதி வாங்கி, பிறகு இருநூற்று நாற்பது பேரும் தங்கள் போனில் புதுப்பிக்க வேண்டும். எங்கே புதுப்பிப்பார்கள்? பாதிப் பேர் போனில் இடமே இல்லை, பூவும் சாமியுமாகக் காலை வணக்கப் படங்கள் நிறைந்து கிடக்கின்றன. மூன்று வாரம் கழித்தும் பழைய செயலியில் பழைய கணக்கையே பார்த்துச் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அதற்கு அப்புறம்தான் சூத்திரத்தையும் விலைப்பட்டியலையும் செயலிக்குள்ளிருந்து எடுத்து ஒரு சர்வரில் வைத்தேன். இப்போது விலை மாறினால் நான் ஓரிடத்தில் மாற்றினால் போதும், எல்லார் போனிலும் மாறிவிடும். அந்தச் சர்வருக்கு மாதாமாதம் வாடகை. பெரியவர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இது.

மீதிப் பாதி ஆகஸ்ட் மாதத்தில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு வருடாவருடம் புதுசாகிறது. கடையில் இருக்கும் செயலிகளும் அதற்கேற்ப மாற வேண்டும் என்று வருடம் ஒரு கெடு வைக்கிறார்கள், வழக்கமாக ஆகஸ்ட் 31. நான் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விரும்பாவிட்டாலும் அந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் திருத்தம் எதையும் அனுப்ப முடியாது. அப்படியே விட்டால் புதுப் போன் வாங்குகிறவர்கள் கடையில் தேடினாலும் செயலி கிடைக்காது. கறவை நின்ற மாட்டுக்கும் தண்ணீர் காட்டத்தானே வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்தது.

“விளம்பரம் போட்டுக்க, எங்களுக்கு ஓசியாக் கொடு” என்றும் ஒருவர் யோசனை சொன்னீர்கள். அதையும் பார்த்தாயிற்று. இதற்கு முன் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வழியாகப் போகும் பேருந்து நேரங்களை வைத்து ஒரு சின்னச் செயலி செய்து, விளம்பரத்தோடு இலவசமாக விட்டேன். விளம்பரக் காசு 10 டாலர் சேர்ந்ததும், கூகுள்காரர்கள் நம் விலாசம் உண்மையா என்று பார்க்கத் தபாலில் ஒரு ரகசிய எண் அனுப்புவார்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். அந்தப் பத்து டாலர் சேரவே எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. தபால்கார அண்ணன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, “வெளிநாட்டு வேலையா அம்மிணி?” என்று கேட்டார். நூறு டாலர் வருவதற்குள் பேருந்து நேரமெல்லாம் மாறி, ஜனங்கள் என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். மூடிவிட்டேன். எல்லையோரத்து நாலு ஊருக்கு மட்டும் பயன்படும் செயலி விளம்பரத்தால் பிழைக்காது. லட்சம் பேர் பார்த்தால்தான் அந்தக் கணக்கு கட்டுபடியாகும், நம்மிடம் அத்தனை பேர் இல்லை.

செயலிக்குள்ளேயே உறுப்பினரிடம் காசு வாங்கலாமே என்றால், அதில் கடைக்குப் பங்கு உண்டு. 2021 ஜூலை முதல் சின்னத் தொழில்களுக்கு அதை 15 சதவீதமாக்கினார்கள். அது போகட்டும், அப்படிக் காசு வாங்கினால் என் வீட்டு விலாசத்தைக் கடைப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுவார்கள். சின்னக் குழந்தையோடு தோட்டத்து வீட்டில் இருக்கிறவளுக்கு அதில் விருப்பமில்லை. அதனால்தான் சொசைட்டிக்கு நேரே பில் போடுகிறேன். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறது, அது இலவசம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி பதிவு தேவையில்லை. அந்தப் பக்கம் கோவை மாவட்டத்துச் சொசைட்டிக்குப் பில் போட்டாலும் அப்படித்தான் என்று ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது லட்சமா! அந்தக் கவலை எனக்கு இப்போதைக்கு வராது.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். உங்களில் ஒரு சொசைட்டி, “உறுப்பினருக்கு லிட்டரும் ரூபாயும் மட்டும் காட்டு, கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் வேண்டாம், தேவையில்லாத கேள்வி வருது” என்று கேட்டது. நான் முடியாது என்றேன், அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. வருத்தம்தான். ஆனால் அப்பா முப்பது வருடமாக அந்த வரிசையில் நிற்பவர். தன் பாலுக்கு ஏன் அந்த விலை என்று தெரியாமலே துண்டுச்சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர். அந்த இரண்டு எண்களைக் காட்டத்தான் இந்தச் செயலியையே தொடங்கினேன்.

இன்னொரு சொசைட்டி, உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் சேர்ந்த எக்செல் கோப்பை வாட்ஸப்பில் அப்படியே அனுப்பிவிட்டது. எனக்கு ஆதார் வேண்டவே வேண்டாம். கேட்காததை அனுப்பாதீர்கள். யாருடைய எந்தத் தகவலை எதற்கு வாங்குகிறோம் என்று கடையில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. அந்தக் கோப்பை அன்றே அழித்துவிட்டேன். உங்கள் பக்கம் அது இன்னும் எத்தனை போனில் கிடக்கிறதோ.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பெரியவர்கள் தமிழ் படிப்பார்கள். மலையாளப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள், படிப்பது மலையாளம். சில பாட்டிமார்களுக்கு இரண்டும் படிக்க வராது. அதனால் எழுத்தை இரண்டு மொழியிலும் வைத்து, எண்களைக் குரலாகவும் சேர்த்தேன். எங்கள் அம்மாவின் குரல்தான். ஒன்றிலிருந்து நூறு வரை, ஆட்டுக்குட்டி கத்தும் சத்தம் வராத ராத்திரியாகப் பார்த்து மூன்று நாள் பதிவு செய்தோம். ‘நாற்பத்தேழு’ என்று சொல்லும் இடத்தில் கூர்ந்து கேட்டால் பின்னணியில் எங்கள் நாய் குரைப்பது கேட்கும்.

நான் கேட்பது உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 5 ரூபாய். 240 உறுப்பினர் இருக்கும் சொசைட்டிக்கு மாதம் 1,200 ரூபாய். ஒரு மூட்டைத் தீவனம் வாங்கும் பணம்கூட ஆகாது. அதோடு விலைப்பட்டியல் மாறுகிற அன்று சாயங்காலமே எனக்கு ஒரு நகல் வேண்டும், மறுநாள் காலைக் கறவை முடிந்த பிறகு அல்ல. புதிதாக எதையாவது சேர்க்கும்போது சோதித்துப் பார்க்கப் பத்துப் பேர் வேண்டும். அவர்களில் இருவராவது கண்ணாடி போட்டுப் படிக்கிற வயதில் இருந்தால் நல்லது.

வரும் பதினைந்தாம் தேதிக் கூட்டத்துக்கு வருகிறேன். புது விலைப்பட்டியலை நகல் எடுத்து வையுங்கள். போன தடவை கொடுத்ததில் மூன்றாம் பக்கம் இல்லை, கொழுப்பு 4.5-க்கு மேலே என்ன விலை என்று நான் இன்னும் ஊகித்துத்தான் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உறுப்பினர் எண் 118-இன் மகள்