மரப் படகுக்குப் பிளாஸ்டிக் கூடு அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
லேத் பட்டறை உரிமையாளர்,
ஒத்தக்கடை, மதுரை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பில்லில் வெண்கலம், பெட்டியில் பிளாஸ்டிக். சென்சார் கூடு வெடித்துப் படகுக்குள் தண்ணீர் புகுந்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். படகின் அடிப்பலகையில் துளை போட்டு மாட்டும் ஆழ, வேக சென்சார் ஒன்றை உங்களிடம் வாங்கினேன். சென்சார் உட்காருவதற்குத் துளையில் செருகி நட்டுப் போடும் குழாயைத்தான் கூடு என்கிறேன். என் படகு மரப் படகு என்பதால் வெண்கலக் கூடுதான் வேண்டும் என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தேன். பில்லிலும் வெண்கலம் என்றே போட்டிருக்கிறீர்கள், அதற்கான விலையையும் வாங்கியிருக்கிறீர்கள். வந்தது பிளாஸ்டிக் கூடு. உடனே போன் செய்தேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், சைஸ் மாறாது, தைரியமா மாட்டுங்க" என்றார் உங்கள் ஆள். "இது மரம் தம்பி, தண்ணியில ஊறினா பருக்குமே" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார். கடல்காரர்களுக்கே சாமான் விற்கிறவர்கள், நம்மைவிட அவர்களுக்குத் தெரியும் என்று நம்பி மாட்டினேன். தண்ணீரில் இறக்கிய நாலாம் நாள் கூடு வெடித்துவிட்டது.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டடி நீளம், பாய் கட்டி ஓட்டுவது. தொண்டியில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில் சும்மா கிடந்ததை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து, எட்டு மாதம் ஷெட்டில் வைத்துப் பலகை மாற்றிச் சரி செய்தோம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். மைத்துனர் கயிற்றை விட்டே இத்தனை பாகம் ஆழம் என்று சொல்லிவிடுவார். இனி இந்தப் படகில் போகப்போவது அவர் பையன். அவனுக்கு அந்தக் கைக்கணக்கு வரும்வரை தரை தட்டாமல் இருக்க வேண்டும் என்றுதான் இந்தச் சென்சாரையே வாங்கினோம்.

பொருத்தியதில் குறை இருந்திருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதனால் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஏராவுக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டைக்கு) முன்னால், சுழல் இல்லாமல் தண்ணீர் நேராக ஓடும் இடமாகப் பார்த்து, பலகை இணைப்பில் படாமல் ஒரே பலகையின் நடுவில் 51 மில்லிமீட்டர் துளை போட்டோம். வெட்டிய விளிம்புக்கு எப்பாக்ஸி இரண்டு கை பூசிக் காயவிட்டோம். படகுக்கென்று விற்கும் சீலன்ட்டைத்தான் தடவினோம். நட்டை ஸ்பேனர் போடாமல் கையால்தான் முறுக்கினேன். முப்பது வருஷமாக மரை வெட்டுகிற கை இது, எந்த நட்டு எவ்வளவு தாங்கும் என்று தெரியும். வேகம் அளக்கும் சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும் அம்புக்குறியும் அணியத்தை, அதாவது படகின் முன்முனையைப் பார்த்து நேராகவே இருந்தது.

எட்டு மாதம் தண்ணீர் படாமல் காய்ந்த மரத்தை நேரே கடலில் இறக்க முடியாது, முதலில் ஊற வேண்டும். ஐப்பசி மழைக்கு எங்கள் பக்கத்துக் கண்மாய் நிறைந்திருந்தது. மடைப் பக்கம் இறக்கிக் கட்டினோம். முதல் நாள் இணைப்புகளில் கசிந்தது, அது வழக்கம்தான். மரம் பருத்ததும் மூன்றாம் நாளில் எல்லாம் அடைத்துக்கொண்டது. சென்சாரும் நன்றாகவே வேலை செய்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். மூங்கிலை ஊன்றிப் பார்த்தால் எட்டரை அடி, திரையில் 7.4. சென்சார் நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே இருக்கிறது, மூங்கிலும் சேற்றில் கொஞ்சம் இறங்கும். கணக்கு சரி.

நாலாம் நாள் காலை போனால் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். இறைத்துவிட்டு, துண்டால் ஒற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பலகை இணைப்பு ஒன்றிலும் ஈரம் இல்லை. நட்டுக்குக் கீழே பிளாஸ்டிக்கில் தலைமுடி அளவு கோடு. துடைத்த இடத்தில் ஒரு சொட்டு திரண்டு, உருண்டு, விழுந்தது. அடுத்தது உடனே திரண்டது. பருத்த மரம் கூட்டை நாலாப் பக்கமும் நெருக்கி உடைத்திருக்கிறது. வெண்கலம் என்றால் அந்த அழுத்தத்தைத் தாங்கியிருக்கும்.

பிறகுதான் தயாரிப்பாளரின் பொருத்தும் முறைக் கையேட்டை இணையத்திலிருந்து இறக்கிப் படித்தேன். மரப் படகில் பிளாஸ்டிக் கூட்டை மாட்டவே கூடாது, மரம் பருத்தால் உடையும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாள் நீங்கள் அனுப்பிய பெட்டியில் இல்லை. சக்கரத்தில் பாசி பிடித்தால் சென்சாரை உருவித் துடைக்க வேண்டும். அந்த நேரத்தில் துளையை அடைக்கிற மூடியும் பெட்டியில் இல்லை. கேட்டால் தனியாக வாங்குங்கள் என்கிறீர்கள். கையேட்டில் அது பெட்டிக்குள் வரும் சாமான்களில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

கண்மாயில் நடந்ததால் கரைக்கு இழுத்துவிட்டோம். இதே கூடு கடலில் முழுசாகப் பிய்ந்திருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு அடி ஆழத்தில் அந்தத் துளை வழியாக விநாடிக்குச் சுமார் 3 லிட்டர் தண்ணீர் வரும். பதினைந்து லிட்டர் குடம் ஐந்து விநாடியில் நிறையும். படகில் பதினேழு வயதுப் பையன் தனியாக இருந்திருப்பான். அந்த நினைப்பு வந்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

எனக்கு வேண்டியது பணம் திரும்ப வருவது அல்ல. பில்லில் உள்ள வெண்கலக் கூட்டை மூடியோடு அனுப்புங்கள். துளை போட்ட பலகையை மாற்ற ஆன செலவையும், படகைத் திரும்ப ஷெட்டுக்கு ஏற்றிவந்த வண்டிக்கூலியையும் கொடுங்கள். அப்புறம், இதே பிளாஸ்டிக் கூட்டை வேறு யார் யாருக்கு விற்றீர்களோ அவர்களுக்குப் போன் செய்து, படகு மரமா ஃபைபரா என்று கேளுங்கள். மரம் என்றால் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இதை மட்டும் என் கடிதம் கிடைத்த அன்றே செய்துவிடுங்கள். போன் எடுக்கிறவர்களுக்கும் அந்தக் கையேட்டைப் படிக்கக் கொடுங்கள்.

பதினைந்து நாள் பார்ப்பேன். பதில் இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய எச்சரிக்கை இல்லாமல் பொருளை விற்பதற்கும் பொறுப்புக் கேட்க வழி இருக்கிறது.

பில் நகலும் நாலு போட்டோவும் இணைத்திருக்கிறேன். வெடித்த கூட்டைத் தூக்கிப் போடவில்லை, பட்டறையில் வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஒத்தக்கடை, மதுரை.