நடுவில் சீட்டு எடுத்தவருக்கு என்ன வட்டி? பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கணிதம், பொருளியல், வணிகவியல் பாடத்திட்டக் குழுக்களின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கும், பாலக்காட்டு எல்லைப்புறக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு வரை கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கணிதத்தை நிதியியலோடும் பொருளியலோடும் சேர்த்துப் படிக்க விரும்பும் பிள்ளைகள் இப்போது என் திண்ணைக்கு வந்து வழி கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் எனக்கே நிறைவாக இல்லை என்பதால், அவர்களுக்கேற்ற கூட்டுப் பட்டப்படிப்பைச் சரியாக அமைத்துத் தரக் கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இந்த மூன்று பாடங்களும் ஏற்கெனவே ஓரிடத்தில் கூடித்தான் இருக்கின்றன. அந்த இடம் ஏலச்சீட்டு. தமிழில் நாங்கள் சீட்டு என்கிறோம், மலையாளத்தில் குறி என்கிறார்கள், ஆளும் பணமும் ஒன்றுதான். 20 பேர், மாதம் ஆளுக்கு 5,000 ரூபாய், 20 மாதம் என்று ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒரு லட்சம் சேருகிறது. கணக்கு எளிதாக இருக்க, ஒவ்வொரு மாதமும் 20,000 ரூபாய் தள்ளி, அதாவது சேர்ந்த ஒரு லட்சத்தில் அவ்வளவை விட்டுக்கொடுத்து, சீட்டு எடுக்கிறார்கள் என்றும், அதில் 5,000 ரூபாய் சீட்டு நடத்துபவரின் கமிஷன் என்றும் கொள்வோம். (1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் கமிஷனுக்கு வைத்திருந்த உச்சவரம்பு 5 சதவீதம், 2019 திருத்தம் அதை 7 ஆக உயர்த்தியது.) மிச்சம் 15,000 ரூபாய் 20 பேருக்கும் கழிவாகப் பிரிகிறது, ஆகவே ஒவ்வொருவரும் மாதம் 4,250 ரூபாய் கட்டுகிறார்கள், தம் முறை வரும்போது 80,000 ரூபாய் வாங்குகிறார்கள்.

முதல் மாதமே எடுத்தவர் கடன் வாங்கியவர். அவர் கொடுக்கும் வட்டியைக் கணக்கிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 0.65 சதவீதம் வருகிறது. பத்தாம் மாதம் எடுத்தவரின் கதை வேறு. ஒன்பது மாதம் அவர் சேமித்தார், பிறகு பத்து மாதம் கடனை அடைத்தார். அவருடைய வட்டி விகிதத்தைக் காணச் சமன்பாடு எழுதினால், கெழுக்களின் குறி கழித்தலிலிருந்து கூட்டலுக்கும், கூட்டலிலிருந்து மறுபடி கழித்தலுக்கும் என இரண்டு முறை மாறுகிறது. டெகார்ட்டேயின் குறி விதிப்படி அதற்கு மிகை மூலங்கள் இரண்டு இருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாமல் போகலாம். மேலே சொன்ன எண்களில் ஒன்றும் இல்லை. எந்த வட்டி விகிதத்தைப் போட்டாலும் அந்தச் சமன்பாடு பொருந்தாது. நடப்பில் தள்ளு முதல் மாதங்களில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் இருக்கும் என்றாலும், நடுவில் எடுத்தவரின் நிலை அதனால் பெரிதாக மாறிவிடுவதில்லை. குறிக்குக் குறி விதியைப் போட்டுப் பார்க்கலாம் என்பது எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தோன்றியது.

இந்த ஒரு கணக்கை மூன்று துறை ஆசிரியர்களிடமும் கொடுத்துப் பாருங்கள். கணித ஆசிரியர் மூலங்களைப் பற்றிப் பேசுவார். நிதியியல் ஆசிரியர், மூலம் இல்லாதபோது வட்டி விகிதத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வதே சரியா என்றும், சீட்டை எடுத்த பிறகு கட்டாமல் போகிறவரின் அபாயத்தை யார் தாங்குவது என்றும் கேட்பார். பொருளியல் ஆசிரியரின் கேள்வி இன்னும் ஆழமானது: வட்டி என்று சொல்ல ஒன்றுமே கிடைக்காதவர், 5,000 ரூபாய் கமிஷனையும் கொடுத்துவிட்டு ஏன் அடுத்த சீட்டிலும் சேருகிறார்? மகளின் கல்யாணத்துக்கோ போர்வெல் போடவோ ஒரு தொகை மொத்தமாகக் கைக்கு வருவதற்கு அவர் கொடுக்கும் விலையா அது, அல்லது வங்கி அவருக்குக் கடன் தராததன் விளைவா? மூன்று கேள்விகளையும் ஒரே மாணவரால் கேட்க முடிய வேண்டும் என்பதுதான் இக்கூட்டுப் படிப்பின் நோக்கம் என்று நான் நினைக்கிறேன்.

கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பு இதற்கு இடம் தருகிறது. இரட்டை முதன்மைப் பாடம் எடுக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு மாணவி கணிதத்தோடு பொருளியலையும் முதன்மையாக எடுக்க விரும்பி ஒரு கல்லூரிக்குப் போனபோது, இரண்டு துறைகளின் வகுப்புகளும் ஒரே மணி நேரத்தில் நடப்பதைக் காட்டி அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் கணிதத்தில் மட்டும் சேர்ந்தாள். விதி திறந்துவைத்த கதவைக் கால அட்டவணை சாத்தியது. இரண்டு துறைத் தலைவர்கள் ஒரு பிற்பகல் சேர்ந்து உட்கார்ந்தால் தீரக்கூடிய இந்தச் சிக்கலை உங்கள் முன் முதல் கோரிக்கையாக வைக்கிறேன்.

சிக்கலின் வேர் பிளஸ் ஒன்னிலேயே இருக்கிறது. அறிவியல் பிரிவில் கணிதம் படிப்பவர் பொருளியலைப் பார்க்காமலே கல்லூரிக்கு வருகிறார். வணிகப் பிரிவில் பொருளியல் படிப்பவர்களில் பலர் கணிதத்துக்குப் பதிலாகக் கணினிப் பயன்பாட்டை எடுத்தவர்கள். ஆகவே முதல் பருவத்தில் இரு சாராருக்கும், பிளஸ் டூவில் விட்டுப்போனதை ஈடுகட்டும் இணைப்புப் பாடம் (பிரிட்ஜ் கோர்ஸ்) ஒன்று தனித்தனியாக வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கூட்டுப் படிப்பு என்றவுடன் கணிதத்தில் கடினமான பகுதிகளை வெட்டிவிட்டு, சூத்திரங்களையும் எக்செல் பயிற்சியையும் வைத்து நிரப்பும் பழக்கம் இருக்கிறது. நான்காண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே 133 மதிப்பலகுகளோடு (கிரெடிட்) பட்டம் பெற்று வெளியேறலாம் என்னும்போது எதையாவது குறைத்தே தீர வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மெய்ப் பகுப்பாய்வையும் நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் குறைத்துவிடாதீர்கள். சந்தையில் எல்லாப் பொருள்களுக்கும் ஒருசேரச் சமநிலை விலை அமையுமா என்று 1874இல் பொருளியலாளர் வால்ரஸ் எழுப்பிய கேள்விக்கு, சமன்பாடுகளின் எண்ணிக்கையும் மாறிகளின் எண்ணிக்கையும் ஒன்றுதானே என்பதைத் தாண்டி நெடுநாள் பதில் இல்லை. 1954இல் ஆரோவும் தெப்ரூவும் நிலைப்புள்ளித் தேற்றங்களின் துணையோடுதான் அதை நிறுவினார்கள். பாரிசில் பாஷெலியே 1900ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் பங்குச்சந்தை விலைகளின் அலைவை எழுதியது, ஐன்ஸ்டைன் பிரௌனியன் இயக்கத்தை (நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஒழுங்கற்ற அலைவை) விளக்குவதற்கு 5 ஆண்டுகள் முன்பு. காப்பீட்டு நிறுவனம் நொடித்துப்போகும் வாய்ப்பைக் கணக்கிடப் போன கிராமெர் 1938இல் கண்ட தேற்றம், சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த வரதனின் கையில் பெரு விலகல்கள் (மிக அரிதாக நேரும் நிகழ்வுகளின் வாய்ப்பு) பற்றிய பொதுக் கோட்பாடாக விரிந்தது. 2007ஆம் ஆண்டு கணிதத்துக்கான ஏபெல் பரிசு அவருக்குக் கிடைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பணத்தைப் பற்றிய கேள்விகள் கணிதத்துக்கு இவ்வளவு கொடுத்திருக்கும்போது, கணிதத்தைப் பணத்தின் எடுபிடியாக மட்டும் வகுப்பில் நிறுத்துவது முறையல்ல.

அதற்காக முதல் ஆண்டிலேயே சீரற்ற செயல்முறைகளை (தற்செயலாக மாறிக்கொண்டிருக்கும் அளவுகளின் கணிதத்தை) புகுத்தச் சொல்லவில்லை. காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் 1979இல் விருப்ப உரிமைக்கு (ஆப்ஷன், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளும் உரிமை) விலை காணத் தந்த ஈருறுப்பு மாதிரிக்குப் பள்ளிக்கூட நிகழ்தகவே ஏறக்குறையப் போதும். அதற்கு எடுத்துக்காட்டு தேடி அமெரிக்கப் பங்குச்சந்தைக்குப் போகவும் வேண்டாம். முதலமடை மாந்தோப்பைப் பூக்கும் காலத்திலேயே பாட்டத்துக்கு (குத்தகைக்கு) பேசி வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். காய் பிடிக்காத ஆண்டில் முன்பணத்தை விட்டுவிட்டு அவர் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் இருந்தால், அந்த முன்பணம்தான் விருப்ப உரிமையின் விலை. அது நியாயமான விலையா என்று தோப்புக்காரரின் மகள் வகுப்பில் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை, ஆங்கிலப் பாடநூலையும் மலையாள விளக்கத்தையும் ஒரே நாளில் எதிர்கொள்கிறது. எல்லை தாண்டிப் படிப்பது எங்களுக்குப் புதிதல்ல. குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் பிறந்த எண்கணித மேதை எஸ். எஸ். பிள்ளை, நாகர்கோவிலிலும் பிறகு திருவனந்தபுரத்திலும் படித்தவர்தான். ஆனால் முட்டிமோதி மேலே வரும் ஒருவரைக் காட்டி, வராமற்போன மற்றவர்களை மறந்துவிடக் கூடாது. மூன்று பாடங்களின் கலைச்சொற்களும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் அருகருகே அமைந்த ஒரு சிறு கையேடு போதும். அதைத் தொகுக்க இங்கே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் இருக்கிறோம், சம்பளம் கேட்க மாட்டோம்.

பட்டத்தின் பெயரையும் கவனித்து வையுங்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வேலைக்குத் தமிழ்நாட்டுக்குத்தான் போவார்கள். பெயர் புதிதாக இருந்தால், அது கணிதப் பட்டத்துக்குச் சமமானதா என்ற கேள்வி அங்கே எழும். அரசாணை வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டியிருக்கும். சேர்க்கைக்கு முன்பே இரு மாநிலங்களிலும் சமானம் கேட்டு எழுதிவிடுவது நல்லது. சேர வருபவர்களிடம் வங்கி வேலையை மட்டும் சொல்லாமல், காப்பீட்டுக் கணிப்பாளர் தேர்வுகளையும், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் சென்னைப் பொருளியல் பள்ளியிலும் உள்ள மேற்படிப்புகளையும், அவற்றுக்கு எவ்வளவு கணிதம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் முடிந்துபோன ஒரு சீட்டின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. 20 மாதத் தள்ளும் கழிவும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. பெயர்களை அழித்துவிட்டுப் படி எடுத்து வைத்திருக்கிறேன். முதல் பருவப் பயிற்சிக்கு வேண்டுமென்றால் ஆளனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன்.

இங்ஙனம்,
கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணித ஆசிரியர்