அரசரின் பிறந்தநாளும் போர்க்களத்துக் கொடியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் நடக்கும் ‘ட்ரூப்பிங் தி கலர்’ அணிவகுப்பு பற்றிய செய்தி படித்தேன். பால்கனியில் நின்ற அரச குடும்பத்தினர் உடுத்திய உடைக்கே பாதி இடம் போய்விட்டது. அந்தச் சடங்கு எப்படிப் பிறந்தது என்று ஒரு வரிகூட இல்லையே!

துப்பாக்கிப் புகை மண்டிய பழைய போர்க்களங்களில் சிதறிய வீரன் தன் படையைக் கண்டுபிடிக்க உதவியது அதன் கொடிதான். ‘கலர்’ என்பது அந்தப் படைக்கொடியைத்தான் குறிக்கிறது. கொடி தெரிந்தால்தான் அங்கே ஓடிச்சென்று சேர முடியும். அதற்காகவே வீரர்களின் வரிசைகளுக்கு இடையே கொடியை மெல்ல எடுத்துச் சென்று காட்டிப் பழக்கினார்கள். 1748 முதல் இது அரசரின் பிறந்தநாள் அணிவகுப்பாகவும் ஆனது. இன்றும் காலாட்படைக் காவலர் பிரிவுகள் ஐந்தில் ஏதேனும் ஒன்றின் கொடி ‘ஹார்ஸ் கார்ட்ஸ்’ மைதானத்தில் வலம் வருகிறது.

பிறந்தநாள் என்பதும் பெயருக்குத்தான். பிரிட்டிஷ் அரசர் ஏழாம் எட்வர்ட் பிறந்தது நவம்பர் 9. லண்டனின் நவம்பர் மழையையும் குளிரையும் நம்ப முடியாமல் கொண்டாட்டத்தைக் கோடைக்கு மாற்றினார். நவம்பர் 14-இல் பிறந்த அரசர் சார்லஸுக்கும் அந்த ஏற்பாடு வசதியாகவே அமைந்துவிட்டது. கரடித்தோல் தொப்பியோடு ஜூன் வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் வீரர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள்!

1981-இல் இதே விழாவுக்குக் குதிரையில் வந்த ராணி எலிசபெத்தை நோக்கி ஓர் இளைஞன் வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டான். மிரண்ட குதிரையை அடக்கி, அவர் தொடர்ந்து சென்றார். உடை வருணனையைக் குறைத்திருந்தால் இதற்கும் இடம் கிடைத்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை